வானிலை கேள்வி-பதில்: மழைக்கு முந்தி வரும் காற்று

போன இதழில் மின்னலைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், பெரும்பாலானவை மின்னலை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றிக் கேட்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். விமான நிலைய வானிலை அறையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம், இடிமேகம் நெருங்குகிறது என்றால் நாங்கள் முதலில் கவலைப்பட்டது காற்றைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை முழுக்கக் காற்று.

ஐயா, கொளுத்தும் பிற்பகல். ஓர் இலை அசையவில்லை. திடீரென்று ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ள, சில்லென்று ஒரு காற்று வருகிறது. ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் மழை. அந்தக் குளிர்ந்த காற்று எங்கிருந்து வருகிறது? (ஓர் இல்லத்தரசி)

மேலிருந்து வருகிறது அம்மா. பக்கவாட்டில் வீசுவதாக நமக்குத் தெரிந்தாலும், கொஞ்ச நேரம் முன்புவரை அது மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்தில், மேகத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும் இருந்த காற்று. கீழே விழுந்து, தரையில் மோதி, போக வழியில்லாமல் பக்கவாட்டில் திரும்பி உங்கள் ஜன்னலுக்கு வந்திருக்கிறது.

அது விழக் காரணம் இரண்டு. ஒன்று மழையின் எடை. எண்ணற்ற துளிகளும் ஆலங்கட்டிகளும் விழும்போது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு விழுகின்றன. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: ஆவியாதல். மேகத்துக்கு வெளியே, வறண்ட காற்றுக்குள் துளி விழுந்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 1 கிலோ காற்றில் 1 கிராம் தண்ணீர் ஆவியானாலே அந்தக் காற்று சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். 4 கிராம் ஆவியானால் 10 டிகிரி. குளிர்ந்த காற்று கனமானது, கனமானது கீழே போகும். பொதுவாகக் கீழிறங்கும் காற்று, அழுத்தம் கூடுவதால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாக வேண்டும். இங்கே துளிகளும் கூடவே வந்து வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டிருப்பதால், அந்தச் சூடு ஏறாமல் குளிர்ச்சியோடு தரைக்கு வந்து சேர்கிறது.

மழை மேகத்துக்கு அடியில்தான் விழும். குளிர்காற்றோ தரையை ஒட்டி எல்லாப் பக்கமும் பரவி, மேகத்தை முந்திக்கொண்டு பல கிலோமீட்டர் ஓடிவிடும். காற்று முதலில் வந்து மழை பிறகு வருவது இதனால்தான். சில நாள் காற்று மட்டும் வந்துவிட்டு மழை வராமலே போகும். மேகம் வேறு பக்கம் போயிருக்கும், அதன் காற்று மட்டும் உங்களை எட்டியிருக்கும்.

வானிலை அறையில் மெல்லச் சுழலும் உருளைகளில் தாள் சுற்றியிருக்கும். ஒன்றில் வெப்பநிலையையும், ஒன்றில் அழுத்தத்தையும், ஒன்றில் காற்றின் வேகத்தையும் பேனா முனை கோடாக இழுத்துக்கொண்டே போகும். இடிமேகத்தின் காற்று வந்து சேரும் நிமிடத்தில் மூன்று கோடுகளும் ஒன்றாகத் திரும்பும். வெப்பநிலைக் கோடு செங்குத்தாக இறங்கும். காற்றின் கோடு மேலே துள்ளி, நடுங்கி நடுங்கித் தாளையே கறுப்பாக்கிவிடும். அழுத்தக் கோடு சின்னதாக ஒரு படி ஏறும், கனமான காற்று தலைக்கு மேல் வந்து நின்றதற்கு அதுதான் சாட்சி. ஜன்னலை மூடிவிட்டு அந்தத் தாளை மட்டும் பார்த்தாலே வெளியே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இடிமேகம் உருவாக நல்ல வெயில் போதுமா? கடுமையாக வெயில் அடித்தும் பல நாள் ஒன்றுமே வருவதில்லையே? (கல்லூரி மாணவர்)

போதாது தம்பி. மூன்று வேண்டும். தரையருகே ஈரம், உயரே போகப் போக வேகமாகக் குளிரும் வானம், காற்றை முதலில் கொஞ்சம் தூக்கிவிட ஏதாவது ஒன்று. வெயில் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலையை. மலைச்சரிவு, கடற்காற்றின் விளிம்பு, பக்கத்து இடிமேகத்தின் குளிர்காற்று எதுவும் அதே வேலையைச் செய்யும்.

ஈரமான காற்று மேலே ஏறினால் விரிந்து குளிரும், கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும். மேகத்தின் தட்டையான அடிப்பாகம் அந்த உயரம்தான். அங்கிருந்துதான் விஷயம் சூடுபிடிக்கிறது. நீர் ஆவியானபோது வாங்கிக்கொண்ட வெப்பம், துளியாகும்போது திரும்பி வருகிறது. 1 கிலோ நீராவி துளியானால் சுமார் 25 லட்சம் ஜூல். இந்த வெப்பம் கிடைப்பதால் ஏறும் காற்று முன்போல் வேகமாகக் குளிர்வதில்லை, கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான். சுற்றியுள்ள வானம் அதைவிட வேகமாகக் குளிர்ந்திருந்தால், ஏறும் காற்று எப்போதும் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருக்கும். பிறகு அதை யாரும் தள்ள வேண்டியதில்லை. தானே ஏறும். வெப்பமண்டலப் பகுதிகளில் 16, 17 கிலோமீட்டர் வரைகூடப் போய், அதற்கு மேல் உள்ள சூடான அடுக்கில் முட்டி, தலை தட்டையாகப் பரவி நிற்கும்.

நீங்கள் சொல்லும் வெறும் வெயில் நாட்களில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஈரம் போதாமல் இருந்திருக்கும். அல்லது ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமான அடுக்கு மூடிபோல் நின்று, ஏறும் காற்றை மேலே விடாமல் தடுத்திருக்கும். இரண்டாவது வகை நாளைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அந்தத் தடை மாலையில் உடைந்தால், பகல் முழுதும் சேர்ந்த சூடும் ஈரமும் ஒரே மூச்சில் மேலே பாயும்.

அந்தப் பாய்ச்சலின் வலிமைக்கு ஒரு மனிதரே சாட்சி. 1959 ஜூலை 26 அன்று அமெரிக்க மரைன் படை விமானி வில்லியம் ராங்கின், 47,000 அடி உயரத்தில் ஓர் இடிமேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். இன்ஜின் நின்றுபோய் விமானத்தை விட்டுக் குதிக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடத்தில் தரைக்கு வந்திருக்க வேண்டியவர் சுமார் 40 நிமிடம் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டார். பாராசூட் விரிந்த பிறகும் மேலெழும் காற்று அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டது. ஆலங்கட்டி உடம்பெல்லாம் அடித்தது. சில இடங்களில் தண்ணீர் அவ்வளவு அடர்த்தி, மூழ்கிவிடுவோமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இறங்கினார் என்பதுதான் வியப்பு.

மழை வருவதற்கு முன்பே மண்வாசனை வருகிறதே? (பெயர் குறிப்பிடாத வாசகி)

மழை ஏற்கெனவே எங்கோ பெய்துவிட்டது என்பதால். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. துளி விழுந்ததும் அது காற்றில் கலக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன குளிர்காற்று, பெய்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து அந்த வாசனையையும் அள்ளிக்கொண்டு உங்களிடம் முந்தி வருகிறது.

போன மாதம் ஓர் இடிமழையில் எங்கள் குடியிருப்பில் சில தெருக்களில் மட்டும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த தெருவில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. டொர்னாடோ என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? (பள்ளி ஆசிரியை)

மரங்கள் எந்தப் பக்கம் விழுந்திருக்கின்றன என்று பார்த்தீர்களா அம்மா? விடை அங்கேதான் கிடக்கிறது. டொர்னாடோ சுழன்றுகொண்டே உள்ளே இழுப்பது. அது போன பாதை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக, பாதையின் நடுவை நோக்கித் திரும்பி விழுந்திருக்கும். மேகத்திலிருந்து கொட்டும் காற்று அப்படியல்ல. குழாயைத் திறந்தால் தண்ணீர் தரையில் விழுந்து நாலாபக்கமும் விரிகிறது அல்லவா, அதே மாதிரிதான். ஓர் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக, விசிறி விரித்ததுபோல் மரங்கள் சாய்ந்திருக்கும். ஒரே தெருவில் எல்லாம் ஒரே திசையில் கிடந்தால் டொர்னாடோவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடித்தவரின் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. டெட்சுயா புஜிடா, 1920-ல் ஜப்பானில் பிறந்தவர். 1945-ல் அணுகுண்டு விழுந்த பிறகு ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போய்ச் சேதத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் இருந்தவை வெளிப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தன. அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்துவிட்டது. 1947-ல் செபுரி மலையில் இருந்த வானிலை நிலையத்தின் பதிவுகளை வைத்து, இடிமேகத்துக்குள் காற்று கீழ்நோக்கியும் பாய்கிறது என்று தனியாகவே எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவில் வானிலை விஞ்ஞானி ஹொரஸ் பயர்ஸ் தலைமையில் பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1946-ல் புளோரிடாவிலும் 1947-ல் ஒஹையோவிலும் விமானிகள் ஆயிரத்துக்கும் அதிகமான முறை இடிமேகங்களுக்குள் புகுந்து அளந்து வந்தார்கள். புஜிடா தன் கட்டுரையைப் பயர்ஸுக்கு அனுப்பினார். மலைமேல் ஒரு அழுத்தமானியும் காகிதமும் வைத்துக்கொண்டு ஒருவர் அதே முடிவுக்கு வந்திருக்கிறார் என்று பார்த்த பயர்ஸ், அவரைச் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார்.

1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏராளமான டொர்னாடோக்கள் ஒரே நேரத்தில் அடித்தன. சேதத்தை விமானத்திலிருந்து பார்த்துக்கொண்டு போன புஜிடா, ஒரு காட்டில் மரங்கள் ஒரு நடுப்புள்ளியிலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். 1945-ல் பார்த்த அதே வடிவம். இது சுழற்காற்றின் வேலையல்ல, மேலிருந்து இறங்கி மோதிய காற்று என்று முடிவு கட்டினார். டவுன்பர்ஸ்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார். சேதம் 4 கிலோமீட்டருக்குள் அடங்கினால் மைக்ரோபர்ஸ்ட். அதன் உச்ச வேகம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். உங்கள் தெருவில் மரம் விழுந்து அடுத்த தெரு தப்பியதற்கு இந்தச் சிறிய அளவே காரணமாக இருக்கலாம்.

அவர் சொன்னதைச் சக விஞ்ஞானிகளில் பலர் நம்பவில்லை. சாதாரண காற்றுக்குப் புதுப் பெயர் வைக்கிறார் என்றார்கள். 1978-ல் சிகாகோ அருகிலும், 1982-ல் டென்வர் அருகிலும், காற்றின் வேகத்தையும் அளக்கக்கூடிய டாப்ளர் ரேடார்களை நிறுத்திப் பார்த்தார்கள். டென்வரில் ஒரே கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோபர்ஸ்ட்கள் பதிவாயின. அதன் பிறகு வாதமே இல்லை.

இறங்க வேண்டிய விமானத்தை இடிமழை என்று அரை மணி நேரம் வானத்திலேயே சுற்றவைத்தார்கள். இவ்வளவு பெரிய விமானத்தைக் காற்று என்ன செய்துவிடும்? (ஒரு பயணி)

உங்களைச் சுற்றவைத்தவர்களுக்கு என் நன்றியைச் சொல்வேன். விமானம் பெரியதுதான். ஆனால் அது காற்றைக் கிழித்துப் போகும் வேகத்தால்தான் மிதக்கிறது, அளவால் அல்ல. தரைக்கு ஓரிரு நூறு மீட்டர் உயரத்தில் ஒரு மைக்ரோபர்ஸ்டுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதிர்க்காற்று. இறக்கையின் தூக்குவிசை கூடி விமானம் மேலே எழும்பும். வேகம் அதிகமாகிவிட்டதாகத் தெரிவதால் விமானி சக்தியைக் குறைக்கப் பார்ப்பார். சில நொடியில் நடுப்பகுதி, காற்று நேராகக் கீழே தள்ளும். அடுத்த சில நொடியில் பின்னாலிருந்து காற்று. இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம் சட்டென்று குறைந்து தூக்குவிசை போய்விடும். சக்தியைக் கூட்டினாலும் இன்ஜின் வேகமெடுக்கச் சில நொடிகள் வேண்டும், அந்த நொடிகளுக்குத் தேவையான உயரம் அங்கே இல்லை.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் 66 விமானம் இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஆராய்ந்துதான் புஜிடா தன் கருத்தை உறுதி செய்துகொண்டார். 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 விழுந்து 137 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே விமானத்துக்குள் காற்று மாறுபாட்டை எச்சரிக்கும் கருவி, நிலையத்தருகே தனி டாப்ளர் ரேடார், அதிலிருந்து தப்பும் முறையில் விமானிகளுக்குக் கட்டாயப் பயிற்சி எல்லாம் வந்தன. இன்று மைக்ரோபர்ஸ்ட் விபத்து மிக அபூர்வமானதற்கு இவைதான் காரணம். உங்கள் அரை மணி நேரமும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்ததுதான்.

நூலிழையில் தப்பியதும் உண்டு. 1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் அதிபர் ரீகன் வந்த விமானம் இறங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு மைக்ரோபர்ஸ்ட் அடித்தது. அங்கே அளக்கப்பட்ட காற்றின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர்.

மேகத்திலிருந்து மழைத்தாரை தொங்குகிறது, தரையைத் தொடவில்லை. மழையே இல்லாதபோது பயம் என்ன? (விவசாயி ஒருவர்)

அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் ஐயா. தரையைத் தொடாத மழை எங்கே போயிற்று? நடுவழியில் முழுக்க ஆவியாகிவிட்டது. அத்தனை ஆவியாதலும் காற்றைக் குளிர்வித்திருக்கிறது. எடை கூடிய அந்தக் காற்று மட்டும் கீழே வந்து மோதும். மேகத்தின் அடிப்பாகம் உயரத்திலும், கீழே காற்று வறண்டும் இருக்கும் இடங்களில் இது சகஜம். பார்வைக்குச் சாதுவான மேகம், தரையில் புழுதி வட்டமாக எழும்பும். சூடானில் ஹபூப் என்கிற புழுதிச் சுவரும் பெரும்பாலும் இடிமேகக் காற்று கிளப்புவதே. மழை அளவை வைத்துக் காற்றின் பலத்தை எடைபோடாதீர்கள்.

தனி இடிமேகம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்று படித்தேன். ஆனால் சில சூறைக்காற்றுகள் பல மாவட்டங்களைக் கடக்கின்றனவே? (ஆய்வு மாணவி)

நீங்கள் படித்தது சரி. தனியான சாதாரண இடிமேகம் அரை மணியிலிருந்து ஒரு மணிவரைதான். ஏனென்றால் அது பெய்யும் மழை தன்னுடைய ஏறும் காற்றுக்குள்ளேயே விழுகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறும் நாளில் நிலைமை வேறு. மேகம் சாய்ந்து நிற்கும். மழை ஒரு பக்கம் விழ, ஏறும் காற்று மறுபக்கம் தடையில்லாமல் தொடரும். கீழே தேங்கிய குளிர்காற்று முன்னேறிக்கொண்டே எதிரிலுள்ள சூடான ஈரக்காற்றைத் தூக்கிவிடும், அதிலிருந்து புது மேகம். இப்படி மேகங்கள் வரிசை கட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ரேடாரில் அந்த வரிசை நடுவில் வில்லாக வளைந்தால், பின்னாலிருந்து உயரமட்டத்து வேகக்காற்று உள்ளே பாய்கிறது என்று பொருள். அந்த வளைவின் முனைக்கு எதிரே இருப்பவர்களுக்குத்தான் நாங்கள் முதலில் எச்சரிக்கை அனுப்புவோம்.

வங்கத்தில் மார்ச் முதல் மே வரை வடமேற்கிலிருந்து வரும் கால்பைசாகி இந்த இனம். நெடுந்தூரம் நேராக அடித்துக்கொண்டு போகும் இத்தகைய காற்றுக்கு 1888-ல் டெரெச்சோ என்று பெயரிட்டவர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ். அதே ஐயோவாவில் 2020 ஆகஸ்ட் 10 அன்று அடித்த டெரெச்சோ, 14 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர் கடந்து பயிர்களைத் தரையோடு படுக்கவைத்தது.

வெளியே இருக்கும்போது எதைப் பார்த்து உள்ளே போக வேண்டும்? (இரண்டு பேர் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்)

மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை வைத்து, 3 நொடிக்கு 1 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். காற்றுக்கான அடையாளங்கள் வேறு. மேகத்தின் முன்பக்கத்தில் தாழ்வாக, கறுத்த ஒரு வளைவு நீளமாக நகர்ந்து வருவது. தொலைவில் புழுதி எழுவது. நீர்ப்பரப்பில் கறுப்பாக ஒரு கோடு ஓடி வருவது. இதுவரை மேகத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்த மெல்லிய காற்று நின்று, அங்கிருந்து குளிராகத் திரும்புவது. கடைசி அடையாளம் கிடைத்த பிறகு உங்களுக்கு நேரம் இல்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 50 கிலோமீட்டரில் 1 சதுர மீட்டரில் சுமார் 12 கிலோ. 100-ல் அது 24 ஆகாது, 47 கிலோ ஆகும். 2 சதுர மீட்டர் கதவென்றால் ஓர் ஆளுக்கு மேல் எடை சாய்ந்து தள்ளுகிறது. மரத்தடி, தகரக் கூரை, பந்தல், விளம்பரப் பலகை எதன் கீழும் ஒதுங்காதீர்கள். படகில் இருந்தால் அடையாளம் தெரிவதற்கு முன்பே, முதல் இடிக்கே கரைக்குத் திரும்புங்கள்.

அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு சட்டென்று காற்று நின்று, தூறல் மட்டும் விழுந்துகொண்டிருக்கிறதே, ஏன்? (மேலே கேட்ட கல்லூரி மாணவரே)

மேகம் முடிந்துவிட்டது தம்பி. குளிர்காற்று தரையில் பரவி, மேகத்துக்குக் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்த சூடான ஈரக்காற்றின் வழியை அடைத்துவிட்டது. வரவு நின்றதும் புதிய துளி இல்லை, ஏற்கெனவே மேலே இருந்தது மட்டும் மெதுவாக இறங்குகிறது. பயர்ஸின் ஆய்வு இதை வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என்று மூன்று கட்டமாகப் பிரித்தது, நீங்கள் பார்ப்பது மூன்றாவது. ஆனால் மேலே பரவிய தலைப்பகுதியில் மின்னேற்றம் இன்னும் மிச்சமிருக்கும், அதிலிருந்து மின்னல் தரைக்கு வரும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே போகாதீர்கள்.